பறவை நடைகளில் கைபேசிக் குரல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவைகளைப் பார்ப்பதற்காக அதிகாலையில் குழுவாகப் போகும் பறவை நடைகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருபவள் நான். இப்போது புதியவர்களை அழைத்துச் செல்லும் தன்னார்வ வழிகாட்டியாகவும் இருக்கிறேன். காட்டுப் பாதைகளிலும் நீர்நிலைக் கரைகளிலும் இருள் பிரியும் முன்பே வந்து நிற்கும் கூட்டம் வருடாவருடம் கூடுகிறது. அதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு பழக்கமும் பரவி வருகிறது. பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பது. அதை நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

போன இனப்பெருக்கப் பருவத்தில் வேறொருவர் நடத்திய நடை ஒன்றுக்குப் போயிருந்தேன். அரசவால் ஈப்பிடிப்பானைக் காட்டுவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி சின்ன ஒலிபெருக்கியில் அதன் குரலைப் போட்டார். கொஞ்ச நேரத்திலேயே ஆண் பறவை வந்துவிட்டது. நீண்ட வெள்ளை வால் அலைய, கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று மறுபடியும் போட்டார்கள், அப்புறம் இன்னொரு முறையும். அதன் கூடு பக்கத்து மரத்தில், தலைக்குச் சற்று மேலே இருந்ததை நான் பார்த்தேன். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். ஆணின் முறை வரும்போது வால் மட்டும் கூட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அன்று கூட்டில் யாரும் இல்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் அலையும் வால்காக்கை ஒன்று அதே மரங்களில் கத்திக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "ரெண்டு நிமிஷம்தானே மேடம்" என்றார்கள்.

அந்த இரண்டு நிமிடம் பறவைக்கு என்ன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கைபேசியிலிருந்து வரும் குரலை அது தன் எல்லைக்குள் நுழைந்துவிட்ட இன்னொரு ஆணின் குரல் என்றே எடுத்துக்கொள்கிறது. விரட்டியே ஆக வேண்டும் என்று வருகிறது. நமக்குத் தரிசனம் தருவதாக நாம் நினைக்கிறோம், அதுவோ சண்டைக்கு வந்திருக்கிறது. வந்தால் அங்கே எதிரியும் இல்லை. இரை தேடுவதையும் துணையையும் விட்டுவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். விடியற்காலை வேறு. சின்னப் பறவைகள் இரவு முழுக்கப் பட்டினி கிடந்து, உடலில் இருந்த கொழுப்பைக் கரைத்துவிட்டு எழுகின்றன. முதல் வெளிச்சத்தில் பாடி எல்லையைச் சொல்லிவிட்டு, உடனே வயிற்றைக் கவனித்தாக வேண்டும். அந்த நேரத்தைத்தான் பிடுங்குகிறோம். ஒரே பாதையில் அடுத்தடுத்த குழுக்கள் வரும் இடங்களில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

ஆராய்ச்சியாளர்களும் ஒலிப்பதிவைப் பயன்படுத்துகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம். ஆந்தைகளையும், நாணலுக்குள் ஒளிந்தே வாழும் காணான்கோழிகளையும் கணக்கெடுக்க, எத்தனை நிமிடம், எத்தனை முறை என்ற கட்டுப்பாட்டோடு செய்கிறார்கள். படத்துக்காகச் செய்வதை அதோடு சேர்க்க முடியாது. அமெரிக்கப் பறவை நோக்குவோர் சங்கத்தின் நெறிமுறையே, குறிப்பாக ஆட்கள் அதிகம் வரும் இடங்களில் இதை மட்டுப்படுத்த வேண்டும் என்கிறது.

சரி, இது இல்லாமல் பறவையைக் காட்ட முடியுமா? தாராளமாக முடியும். காற்று அடங்கியிருக்கும் விடிகாலையில் குரல் வெகுதூரம் கேட்கும். ஒரு வளைவில் பத்து நிமிடம் பேசாமல் நின்றாலே போதும். முதலில் குக்குறுவான் கேட்கும், பிறகு தையல்சிட்டு, புதருக்குள்ளிருந்து செண்பகத்தின் அடித்தொண்டைக் குரல். காதால் திசையைப் பிடித்து, அந்தக் கிளையிலிருந்து பார்வையை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் பலர் குனிந்து தொலைநோக்கியைத் தேடும்போதுதான் பறவையைத் தொலைக்கிறார்கள். எப்போதாவது ஒன்றும் வராது. அதையும் வழிகாட்டி துணிந்து சொல்ல வேண்டும்.

நீர்நிலைகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே குரல் போடுபவர்கள் குறைவு, நெருங்கிப் போய்க் கூட்டத்தைக் கிளப்புபவர்கள் அதிகம். பறக்கும் படம் நன்றாக வருமாம். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற வலசைப் பறவையின் இளம் பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. வலசைப் பறவைகள் அப்படிப் பறப்பது சேற்றில் புழு பொறுக்கிச் சேர்த்த கொழுப்பை நம்பித்தான். சேற்றுத் திட்டில் இரை பொறுக்கும் உள்ளான்களை நாம் கிளப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் நின்றால், தூரத்திலிருந்தே கால் நிறம் வரை தெரியும். பறவைகள் தலை தூக்கி நம்மையே பார்க்க ஆரம்பித்தால் நெருங்கியது அதிகம், பின்வாங்க வேண்டும்.

நடைகளுக்கு அனுமதி தரும் அலுவலர்களிடம் நான் கேட்பது, ஒலிப்பதிவுக்குத் தடை, வழிகாட்டி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை என்ற வரம்பு. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது என்பதையும் சேர்க்கலாம். நடத்துபவர்களிடம் கேட்பது, எந்தப் பறவையையும் காட்டுவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்குத்தான் ஒலிபெருக்கியை வெளியே எடுக்க வைக்கிறது.

தங்கள் நாளிதழிலும் இத்தகைய நடைகளின் அறிவிப்புகள் வருகின்றன. நேரம், கூடும் இடம் ஆகியவற்றோடு "ஒலிப்பதிவு பயன்படுத்தப்படாது" என்ற வரியையும் நடத்துபவர்களிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அந்த வரியைத் தர மறுப்பவர்களின் அறிவிப்பைப் போடாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி