கப்பல் விபத்துத் தகவல் கரைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பல் விபத்துகள் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். விபத்து நடந்தால் கப்பல்காரர்கள் உடனே அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அது புதுசா என்ன? 1958 வணிகக் கப்பல் சட்டத்தின் 350ஆம் பிரிவே, உயிர்ச்சேதமோ கப்பலுக்குப் பெருஞ்சேதமோ ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அதற்குள், காரணத்தையும் சேர்த்து மத்திய அரசுக்கு அறிக்கை தரச் சொன்னது. 2025ல் புதுச் சட்டமும் வந்துவிட்டது.

எனக்குள்ள வருத்தம் வேறு. இந்தத் தகவலெல்லாம் கப்பலிலிருந்து அதிகாரிக்கு, அதிகாரியிடமிருந்து டெல்லிக்கு என்று மேலேயே போகிறது. எங்கள் கடலூர்ப் பக்கத்து மீனவ ஊர்களான தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் விடியுமுன் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு அதை யார் சொல்வது? கப்பல்களுக்குப் போகும் எச்சரிக்கைச் செய்தி ஆங்கிலத்தில் போகிறது, அதை வாங்கும் கருவியும் ஃபைபர் படகில் கிடையாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கசிவு பெரிதில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள், அப்புறம் ஆட்கள் வாளி வாளியாக எண்ணெய் அள்ளியதை நாடே பார்த்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. கன்டெய்னர் மிதக்கிற கடலில் ராத்திரி வலை விட்டால் வலை மட்டுமா போகும்?

புயல் வந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், மீன்வளத்துறை ஊர்ப் பஞ்சாயத்தாருக்குப் போன் போடுகிறது, கோயில் மைக்கில் சொன்னதும் யாரும் படகை எடுப்பதில்லை. அதே போன், அதே மைக் போதும், புதுசாக ஒரு பைசா செலவில்லை. எந்த இடத்தில் விபத்து, கடலில் என்ன விழுந்தது, எத்தனை பாகத்துக்குள் (பாகம் என்பது கடலாழக் கணக்கு) போகக்கூடாது என்று தமிழில் நாலு வரி வேண்டும், அவ்வளவுதான். அறிக்கை கையில் கிடைத்த அதிகாரி, இத்தனை மணி நேரத்துக்குள் கரையோர மாவட்டங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடட்டும்.

இன்னொன்று, புதுச்சேரிக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசுதான் இரண்டு, வீராம்பட்டினத்துப் படகும் எங்கள் படகும் மீன் பிடிப்பது ஒரே கடலில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்