தில்லியில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களே, வணக்கம்.

முகர்ஜி நகரிலும் லட்சுமி நகரிலும் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் பாடம் எடுக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, சின்ன அறையில் இரண்டு மூன்று பேராகத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் நிறைய. பள்ளி முழுக்க இந்தி வழியில் படித்தவர்கள். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வின் 200 மதிப்பெண்ணில் 50 ஆங்கிலத்துக்கு. மற்ற மூன்று பகுதிகளுக்கும் வினா இந்தியிலும் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளைகூட இங்கே தடுக்கி விழுகிறது.

அதற்கு நாம் கொடுக்கும் மருந்து சொற்பட்டியல். தினம் 50 சொல், பக்கத்தில் இந்திப் பொருள், மறுநாள் காலையில் டெஸ்ட். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். மிட்டிகேட்: கம் கர்னா. அலீவியேட்: கம் கர்னா. இரண்டு பக்கம் தள்ளி கர்ட்டெய்ல், அதற்கும் கம் கர்னா. மூன்றுக்கும் 'குறைப்பது' என்ற ஒரே பொருள். கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் செலவுக்கு அலீவியேட் போடுகிறாள். வலிக்கும் துன்பத்துக்கும் அலீவியேட், வெள்ளத்தின் பாதிப்புக்கு மிட்டிகேட், செலவுக்கும் உரிமைக்கும் கர்ட்டெய்ல் என்று எதோடு எது சேரும் என்பதை அந்தப் பட்டியல் அவளுக்குச் சொல்லவே இல்லை.

அப்புறம், இந்தி பேசும் பிள்ளைகளிடம் ஒரு சொத்து இருக்கிறது. தமிழில் வளர்ந்த நம் கண்ணில் அது சட்டென்று படுவதில்லை. இந்தியும் ஆங்கிலமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசினார். தேர்வில் மிரட்டும் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வழி வந்தவை. அவற்றின் பங்காளிகள் பல இந்தியில் தினமும் புழங்குகின்றன. அக்னிக்கு இக்னைட், படகைக் குறிக்கும் நௌகாவுக்கு நேவல், தானத்துக்கு டொனேட், நடுவைக் குறிக்கும் மத்யத்துக்கு மீடியோக்கர். அஞ்ஞானத்தை அவர்கள் 'அக்யான்' என்பார்கள். இக்னொரன்ஸில் முன்னொட்டும் உறவு, வேரும் உறவு. நான் பலகையில் மிருத்யுவையும் மார்ட்டலையும் எழுதியபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் 'அமர்' என்றான், சாவில்லாதவன் என்று பொருள். இம்மார்ட்டலை நான் இன்னும் எழுதவே இல்லை! அன்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவு ஆகிவிடாது, அதிலும் கவனம் வேண்டும். கெட்ட பெயர் எடுத்ததை இந்தியில் 'பத்நாம்' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த அதில் 'கெட்ட' என்று பொருள்படும் 'பத்'துக்கும், அதே பொருளுள்ள ஆங்கில 'பேட்'டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்துவிட்டே வகுப்புக்குப் போகலாம்.

நம்மில் சிலர் வகுப்பில் இந்தியே கூடாது என்கிறோம். நம் இந்தி அரைகுறை என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் தேர்வைக் 'கொடுப்பது' என்ற பொருளில் 'பரீக்ஷா தேனா' என்று பழகிய பிள்ளை 'கிவ் எக்ஸாம்' என்கிறது, நம்மூர்ப் பிள்ளை 'ரைட் எக்ஸாம்' என்கிறது. தாய்மொழி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாமல் எப்படித் திருத்துவது?

அடுத்த பேட்ச்சில் ஒரு மாதம் மட்டும் செய்து பாருங்கள். தினம் பத்துச் சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் அன்றைய செய்தித்தாளிலிருந்து இரண்டு வாக்கியம், உறவு இருந்தால் இந்திச் சொல்லும் கூடவே. டெஸ்ட்டில் பொருள் கேட்காமல் வாக்கியத்தில் நிரப்பச் சொல்லுங்கள். நான் சேர்த்து வைத்திருக்கும் வேர்ச்சொல் பக்கங்களை யார் கேட்டாலும் தருகிறேன். அதில் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள். உங்களிடம் இருப்பதையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
முகர்ஜி நகரில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்