உறையை விடுத்துப் பையை எடுங்கள்: கடற்கரை நடைப்பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் மூக்கையூர் வரையிலான கரையில் முதுகுப்பையுடன் நடைப்பயணம் அழைத்துச் செல்லும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வாடை தணிந்து, வெயில் ஏறுவதற்கு முன்பான வாரங்களில் வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை என்று எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு உங்கள் குழுக்கள் நடந்து போகின்றன. அதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து உண்ணும் உலர் உணவை, ஒரே வேளையில் குப்பையாகிவிடும் உறைகளில் கொண்டுவருவதை நிறுத்துங்கள்; உணவை ஊறவைத்து உண்ண ஆளுக்கு ஒரு பையை வைத்துக்கொண்டு, அதையே பயணம் முழுவதும், அடுத்த பயணத்திலும், பயன்படுத்தும் முறைக்கு மாறுங்கள்.

அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே அலுமினியத் தாளை வைத்து ஒட்டிய அந்தப் பொருளை அடுக்கடுக்காகப் பிரித்தெடுக்க எளிய வழியில்லை என்பதால் பழைய பொருள் வாங்கும் கடைக்காரரும் அதைத் தொடுவதில்லை. நீங்கள் பொறுப்பானவர்கள், காலி உறைகளைச் சாக்கில் கட்டி எடுத்துப் போகிறீர்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உறையைத் திறக்கும்போது மேல் விளிம்பில் கிழித்தெடுக்கும் விரலகல நறுக்கு எந்தச் சாக்குக்கும் போய்ச் சேருவதில்லை. பிசுபிசுத்த கையோடு கிழித்து, பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்புவதற்குள் காற்று அதை எடுத்துக்கொள்கிறது. உடைமர முள்ளிலும், கரையொதுங்கிய பாசியிலும் மினுங்கிக்கொண்டு கிடப்பவை பெரும்பாலும் இந்த நறுக்குகள்தாம்.

இந்தக் கரைக்கு எதிரே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் இருக்கின்றன. 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கி அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அனுமதியின்றி அத்தீவுகளில் யாரும் கால் வைக்க முடியாது. கரையில் பறந்த நறுக்குக்கு அந்தத் தடை பொருந்துவதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. உங்கள் உணவு உறை அந்தப் பட்டியலில் வருமா, வராதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பட்டியலில் இல்லாததாலேயே ஒரு பொருள் கடற்பசுவுக்கும் ஆமைக்கும் உகந்ததாகிவிடாது.

"பைக்குப் பதில் தூக்குவாளி போதாதா?" என்று யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் நடைக்குத் தூக்குவாளியும் கட்டுச்சோறும் போதும். எங்கள் மீனவர்கள் கடலுக்கு அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். மூன்று நான்கு நாள் நடப்பவர்களுக்கு அது சரிவராது. சமைத்த சோறு இந்த வெயிலில் மறுவேளைக்குத் தாங்காது. அங்கேயே சமைத்தாலோ அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும். இம்மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் இதைத் 'தண்ணியில்லாக் காடு' என்று சொன்னதை மறந்துவிட வேண்டாம். குடிநீரைக் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் தெருக்கள் இன்றும் இங்கே உண்டு. பையில் ஊறவைத்தால் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் மட்டுமே கொதிக்கிறது. அதைத் தேய்க்க வேண்டியதே இல்லை.

எந்தப் பை என்பதில்தான் கவனம் வேண்டும். 3000 மீட்டர் உயர மலையில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் முழு 100 டிகிரி. ஆகவே சோறு இங்கே சீக்கிரம் ஊறும், பையும் அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பாலித்தீன் பைகள் 110 டிகிரியை ஒட்டி உருகுபவை, அதற்கு வெகு முன்பே இளகுபவை. அவற்றில் கொதிநீரை ஊற்றக் கூடாது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரி வரை உருகாது. சிலிக்கோன் அதைவிடவும் தாங்கும், ஆனால் ஒரு லிட்டர் கொள்ளும் சிலிக்கோன் பை 100 கிராமைத் தாண்டிவிடும். சாம்பார் வாசனையையும் லேசில் விடாது. என் கருத்தில், கொதிநீருக்கு ஏற்றது என்று தயாரித்தவரே குறித்திருக்கும், உணவுத் தரமுள்ள மெல்லிய பைதான் நம் நடைக்குப் பொருத்தம். அடி விரிந்து மணலில் தானே நிற்க வேண்டும். வாய் அகலமாக இருக்க வேண்டும். உள்மூலைகள் வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறாத பருப்பு அங்கே தங்கிக் கடிபடும். அழுத்தி மூடும் பள்ளத்தில் இந்தக் கரையின் நுண்மணல் ஏறிவிட்டால் பை மூடவே மூடாது என்பதால், வாயை இரண்டு மூன்று மடிப்பு மடித்துக் கவ்வி போடும் வகையே மேல்.

உணவையும் மொத்தமாகத் தயாரித்து டப்பாவில் கொண்டுவரலாம். பச்சரிசியோ புழுங்கலரிசியோ வெறும் வெந்நீரில் வேகாது. வடித்த சோற்றை உதிர்த்துக் காயவைத்திருக்க வேண்டும். பருப்பை வேகவைத்து மசித்து உலர்த்த வேண்டும். எண்ணெயும் தேங்காயும் சிக்கு வாடை அடித்துவிடும், ஆகையால் எண்ணெயைத் தனிக் குப்பியில் வைத்துக்கொண்டு உண்ணும்போது சேர்ப்பதே சரி. ராமநாதபுரம் முண்டு மிளகாயை வறுத்துப் பொடித்துத் தூவினால் எந்தக் கம்பெனி உறையும் அந்த ருசிக்குக் கிட்ட வராது. ஒருவருக்கு 100 கிராம் உலர் உணவுக்கு 250 மில்லி அளவில் வெந்நீரை ஊற்றி, கிளறி, மூடி, பழைய கம்பளித் துணியில் தைத்த உறைக்குள் செருகிவிட்டால் கால் மணி நேரத்தில் சோறு பதமாகிவிடும். கச்சான் காற்று வீசும் நாளில் அந்தத் துணியுறை இல்லாமல் வைத்தால் மேலே இருப்பது ஆறி, நடுவே அரைகுறையாக நிற்கும். துணியுறை தைப்பது எந்தத் தையல் கடைக்கும் அரைமணி வேலை. இங்குள்ள சுய உதவிக் குழுப் பெண்களிடமே கொடுத்துத் தைத்துக்கொள்ளலாமே.

உண்டு முடித்ததும் மீந்த வெந்நீரில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் குடித்துவிட்டு, பையை உள்பக்கம் வெளியே திருப்பித் துடைத்துக் காயவையுங்கள். கடலில் அலச வேண்டாம். ஊருக்குள் தங்கும் இரவில் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மஞ்சள் கறை போகாது, அதனால் கெடுதலும் இல்லை.

இந்தப் பையும் பிளாஸ்டிக்தானே என்பீர்கள். ஆம். தொலைத்தால் உறையைவிட மோசமான குப்பை அது. எனவே கூடாரங்களைப் போல இவற்றையும் குழுவின் உடைமையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஒவ்வொரு தங்கலிலிருந்தும் கிளம்புமுன் எண்ணிச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் தேடிவிட்டுத்தான் நடை தொடர வேண்டும். அடுத்த பயண அறிவிப்பில், குழுவே தரும் பொருள்களின் பட்டியலில் பையைச் சேர்த்து, உறையிட்ட உணவுக்கு அனுமதியில்லை என்ற வரியையும் அச்சிடுங்கள். பயணக் கட்டணத்தோடு பைக்கான முன்பணத்தை வாங்கி, பையைத் திருப்பித் தரும்போது கொடுத்துவிட்டால் தொலைப்பவர்கள் தாமாகவே குறைவார்கள்.

இப்படிக்கு,
சேதுக்கரை அருகே வசிக்கும் கடற்கரைவாசி ஒருவர்