செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: கிரேட் நார்தர்ன் ரயில்வேக்கு 150 வயசு

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டில இருக்குற எல்லாருக்கும், இந்த மழையிலயும் குழந்தைகளோட வந்திருக்குற உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன பொதுக்குழு மினிட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு, யாரும் திருத்தம் சொல்லல, அதனால எல்லாரும் ஏத்துக்கிட்டதா வச்சுக்கிட்டு மேல போறேன். வரவு செலவை பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க. பொங்கல் நல்லபடியா நடந்துச்சு, சனிக்கிழமை தமிழ் வகுப்பு தடங்கல் இல்லாம நடக்குது, பாடம் எடுக்குற ரெண்டு பேருக்கும் சங்கம் சார்பா நன்றி. புது உறுப்பினர்கள் டண்டாக் பக்கத்துல இருந்து நிறைய சேர்ந்திருக்காங்க, அதுவும் சந்தோஷம்.

இந்த வருஷம் நம்ம சங்கத்துல பெருசா நடந்த வேலைன்னா அது உள்ளூர் வரலாற்று வட்டம் தான். அயர்லாந்துல ட்ரோகெடா, டண்டாக்ல இருக்குற நம்மள்ல பாதிப்பேர் டப்ளினுக்கு வேலைக்கு ரயில்ல தான் போறோம், அந்தத் தண்டவாளத்தை வச்சிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி 1876ல உருவாச்சு, இந்த வருஷத்தோட 150 வருஷம். அதனால மாசக் கூட்டம் எல்லாத்துக்கும் இதையே தலைப்பா எடுத்துக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணோம். ஆரம்பத்துல ரயில் கதை யார் கேப்பாங்கன்னு சில பேர் தயங்கினாங்க, ஆனா கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் கூடுனது தான் நடந்தது.

முதல் கூட்டத்துல கம்பெனி எப்படி சேர்ந்துச்சுன்னு பேசுனோம். வடக்குல அல்ஸ்டர் ரயில்வே 1839லயே பெல்ஃபாஸ்ட்ல இருந்து லிஸ்பர்னுக்கு ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க, தண்டவாள அகலம் 6 அடி 2 அங்குலம். இங்க டப்ளின் ட்ரோகெடா ரயில்வேக்காரங்க 5 அடி 2 அங்குலத்துல போடலாம்னு கிளம்பினாங்க. ரெண்டும் ஒரு நாள் நடுவுல சந்திக்கணும், சந்திச்சா எஞ்சின் எப்படி தாண்டும்? அரசாங்கம் உள்ள வந்து பஞ்சாயத்து பண்ணி 5 அடி 3 அங்குலம்னு முடிச்சாங்க, இன்னைக்கும் அயர்லாந்து முழுக்க அதே அகலம் தான். அல்ஸ்டர்காரங்க போட்ட தண்டவாளத்தைப் பிரிச்சு மறுபடி போட வேண்டியதாச்சு பாவம். 1844ல டப்ளின்ல இருந்து நம்ம ஊர் ட்ரோகெடா வரைக்கும் ரயில் வந்துச்சு. 1875ல டப்ளின் ட்ரோகெடா கம்பெனியும் டப்ளின் பெல்ஃபாஸ்ட் ஜங்ஷன் கம்பெனியும் ஒண்ணாச்சு, அடுத்த வருஷம் ஐரிஷ் நார்த் வெஸ்டர்னும் அல்ஸ்டரும் கூட சேர்ந்ததும் கிரேட் நார்தர்ன்னு பேர் வச்சாங்க. டப்ளின், பெல்ஃபாஸ்ட், டெர்ரி, என்னிஸ்கில்லன், கேவன், பன்டோரன் கடற்கரைன்னு தீவோட வடபாதில பெரும்பகுதி ஒரே கம்பெனி கையில, பிற்காலத்துல ஹோத் மலை மேல ஏறுற எலக்ட்ரிக் டிராமும் அவங்களோடது தான்.

பாய்ன் ஆத்துப் பாலம் நடை எல்லாருக்கும் நினைவிருக்கும். தினம் மேல போற நமக்கு கீழ நின்னு பாத்தாதான் அது எவ்வளவு உயரம்னு புரியுது, கப்பல் போகணும்னு தண்ணிக்கு மேல சுமார் 90 அடி விட்டுக் கட்டியிருக்காங்க. இன்ஜினியர் சர் ஜான் மேக்னீல் போட்ட திட்டம், 1855ல முழுசா முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி டப்ளின்ல இருந்து வர்ற ஜனங்க இங்க இறங்கி, ஊருக்குள்ள ரோட்டுல போய், ஆத்துக்கு அந்தப்பக்கம் வேற ரயில் ஏறியிருக்காங்க. 1930கள் ஆரம்பத்துல எஞ்சின் எடை கூடிப்போனதால நடு இரும்பை மாத்தி ஸ்டீல் கட்டுனாங்க, இப்ப பாலத்து மேல ஒரே ஒரு தடம் தான் இருக்கு, காலைல நம்ம வண்டி பாலத்துக்கு முன்னாடி நின்னு காத்துட்டு இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆர்மா பயணம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா வர முடியாதவங்க நிறைய பேர் கேட்டாங்க. 1889 ஜூன் 12, சண்டே ஸ்கூல் பிள்ளைங்கள ஆர்மால இருந்து வாரன்பாயின்ட் கடற்கரைக்கு கூட்டிட்டுப் போற கிரேட் நார்தர்ன் ஸ்பெஷல் ரயில், 15 பெட்டி, 900 பேருக்கு மேல. ஊரைத் தாண்டினதும் செங்குத்தான ஏத்தம், எஞ்சினால இழுக்க முடியல, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடுச்சு. சரி முன் பாதியை முதல்ல கொண்டு போய் விட்டுட்டு வருவோம்னு ரயிலைப் பிரிச்சாங்க. அந்தக் காலத்து வேக்குவம் பிரேக், பைப்பைக் கழட்டினா பிரேக் விட்டுடும், பின்னாடி 10 பெட்டியைப் பிடிச்சு நிறுத்துனது கடைசி வண்டியில இருந்த ஒத்தை ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில வச்ச கல்லும் மட்டும் தான். எஞ்சின் கிளம்புறப்ப லேசா பின்னாடி நகர்ந்துச்சு, அந்த இடி பட்டு கல்லு நொறுங்கி 10 பெட்டியும் ஏத்தத்துல கீழ உருண்டு போய், பின்னாடியே வந்துட்டு இருந்த அடுத்த ரயில் மேல மோதிடுச்சு. 80 பேர் செத்தாங்க, நிறைய பேர் சின்னப் பிள்ளைங்க. அதே வருஷம் பார்லிமெண்ட் சட்டம் போட்டுச்சு, பைப் அறுந்தா தானா பிடிக்குற பிரேக் கட்டாயம், முன்னாடி போன வண்டி தாண்டுற வரைக்கும் பின்னாடி வண்டியை விடக்கூடாதுன்னு. ஆர்மா மால் மைதானத்துல ஒரு சின்னப் பொண்ணு சிலை வச்சிருக்காங்க, கையில பக்கெட்டும் மண்வாரியும். நம்ம பிள்ளைங்க அந்த பக்கெட்டைத் தொட்டுப் பாத்துட்டு, இவ கடலுக்குப் போனாளான்னு கேட்டாங்க. நாங்க யாரும் உடனே பதில் சொல்லல, பஸ்ல திரும்பி வரும்போது தான் பெரியவங்க உக்காந்து விளக்கிச் சொன்னாங்க. கம்பெனியோட பெருமை பேசுற வருஷத்துல இதையும் பேசினது சரிதான்னு நினைக்கிறேன்.

டண்டாக்ல 1881 வாக்குல கம்பெனிக்காரங்க திறந்த ஒர்க்ஷாப் தான் அந்த ஊரோட அடுப்பு எரிய வச்சுது. எஞ்சின், பெட்டி மட்டும் இல்ல, ரோட்டுல ஓடுற பஸ்ஸும் கார்ட்னர் எஞ்சின் வச்சு அங்கேயே கட்டுனாங்க. 1932ல வேட்டைப் பறவைங்க பேர் வச்ச அஞ்சு எஞ்சின் வந்துச்சு, ஈகிள், ஃபால்கன், மெர்லின், பெரெக்ரின், கெஸ்ட்ரல், பிற்காலத்துல வான நீலத்துல பெயிண்ட், அதுல மெர்லின் இன்னும் உயிரோட இருக்கு. நம்ம கூட்டத்துக்கு பேச வந்த பெரியவர், அவங்க அப்பா ஒர்க்ஷாப்ல பெயிண்ட் செக்ஷன்ல வேலை பாத்தவர், வீட்டுக் கதவு கூட அந்த நீலம் தான்னு சொன்னார். எனக்கு ரொம்ப பிடிச்சது அங்க கண்டுபிடிச்ச ஹோவ்டன் மெரிடித் சக்கரம். பழைய பஸ்ஸையே தண்டவாளத்துல ஓட்டணும், ஆனா இரும்புச் சக்கரம் மாட்டினா பஸ் பாடி ஆட்டத்துல கழண்டு போகும், அதனால காத்தடிச்ச டயர் மேல இரும்பு வளையத்தை மாட்டிட்டாங்க, தண்டவாளத்தைத் தொடுறது இரும்பு, உக்காந்திருக்குறவனுக்கு ரப்பர் சுகம். காசு இல்லாத காலத்துல கிளை லைனை மூடாம காப்பாத்த இப்படியெல்லாம் யோசிச்ச ஆளுங்க அவங்க, இந்த கம்பெனி சோம்பேறித்தனத்துல அழிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்ப எதுல அழிஞ்சுது? இதுக்குத் தான் இலையுதிர்கால கூட்டத்துல அவ்வளவு வாக்குவாதம். துணைத்தலைவர் அண்ணன் பஸ்ஸும் லாரியும் காரும் தான் காரணம், உலகம் முழுக்க நடந்தது தானே இங்கயும்னு சொன்னார், அதுல உண்மை இருக்கு. ஆனா என் கருத்து வேற, மினிட்ஸ்லயும் பதிவு பண்ணியிருக்கேன். நாடு பிரிஞ்சு, வடக்கு பிரிட்டனோட நின்னு தெற்கு தனி நாடான பிறகு, 1923 ஏப்ரல் 1ல இருந்து எல்லையில சுங்கச் சோதனை வந்துச்சு. ஒரே கம்பெனி, ஒரே தண்டவாளம், ஆனா டப்ளின் பெல்ஃபாஸ்ட் ரயில் டண்டாக்ல ஒரு தடவை, எல்லைக்கு வடக்க கோராவுட்ல ஒரு தடவை நிக்கணும், பெட்டி படுக்கையைத் திறந்து காட்டணும். குளோன்ஸ்ல இருந்து கேவன் போற லைன் எல்லையைப் பல தடவை தாண்டும். மொனகன் விவசாயி பெல்ஃபாஸ்ட் சந்தைக்கு மாடு அனுப்புனா வரி, பேப்பர், காத்திருப்பு, 1930கள்ல ரெண்டு நாட்டுக்கும் வரிச்சண்டை வந்ததும் அந்த வியாபாரம் இன்னும் சுருங்கிடுச்சு. தெற்குல 1925ல உள்நாட்டு ரயில் கம்பெனிகளை எல்லாம் ஒண்ணா சேர்த்தாங்க, இவங்க எல்லை தாண்டி ஓடுறதால வெளிய விட்டுட்டாங்க. வடக்குல 1935ல அரசாங்கம் ரோடு போக்குவரத்து போர்டு ஆரம்பிச்சு, கிரேட் நார்தர்ன் அங்க நல்லா நடத்திட்டு இருந்த பஸ் சர்வீஸையே எடுத்துக்கிட்டு, அதே போர்டு இவங்க ரயிலுக்குப் போட்டியா ஓடுச்சு. அப்ப ரோடு தான் கொன்னுச்சுன்னு சொன்னா, அந்த ரோட்டை யார் கையில கொடுத்தாங்கன்னும் சேர்த்து கேக்கணும் இல்லையா?

உலகப் போர் நேரத்துல பெட்ரோல் இல்லாததால ரயிலுக்கு மறுபடி கூட்டம் வந்துச்சு, வருமானமும் வந்துச்சு. போர் முடிஞ்சு 1947 ஆகஸ்ட் 11ல டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் என்டர்பிரைஸ் ரயிலை விட்டாங்க, 112 மைலுக்கு மேல தூரம், நடுவுல எங்கயும் நிக்காது, சுங்கச் சோதனையை ரெண்டு கடைசி ஸ்டேஷன்லயே முடிச்சுடுவாங்க. இன்னைக்கு நம்ம ஸ்டேஷன்ல நிக்குற என்டர்பிரைஸ் பேர் அப்ப வச்சது தான். அது ஒரு கம்பெனி தன்னோட கடைசி பலத்தை எல்லாம் போட்டு செஞ்ச வேலை, ஏன்னா அதுக்குள்ள கையிருப்பு கரைய ஆரம்பிச்சுடுச்சு, 1950கள் தொடக்கத்துல இனி ஓட்ட முடியாதுன்னு அவங்களே கையை விரிச்சுட்டாங்க. ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கி 1953 செப்டம்பர் 1ல இருந்து ஒரு கூட்டு போர்டு நடத்துச்சு.

அந்தக் கூட்டும் நாலு வருஷத்துல உடைஞ்சுது. 1957 செப்டம்பர் கடைசியோட வடக்கு அரசு தன் பக்கத்துல இருந்த எல்லையோர லைன்களை மூடிடுச்சு, ஓமா என்னிஸ்கில்லன், ஆர்மா, பன்டோரன் லைன் எல்லாம். தெற்குக்கு அதுல விருப்பம் இல்ல, ஆனா பாதி லைன் போனா மீதிப் பாதி எங்க போய் சேரும்? பன்டோரன் தெற்குல இருக்கு, ரயில் வர்ற வழி வடக்குல இருக்கு, அவ்வளவு தான், முடிஞ்சுது. நாலு திசையில இருந்தும் ரயில் வந்த குளோன்ஸ் ஊருக்கு 1957லயே பயணிகள் ரயில் நின்னு, 1960 புத்தாண்டோட சரக்கு ரயிலும் போச்சு. 1958 அக்டோபர் 1ல போர்டையே கலைச்சு சொத்தை பாகப்பிரிவினை மாதிரி பிரிச்சாங்க, இந்த வகை எஞ்சின்ல உனக்கு பாதி எனக்கு பாதின்னு, தெற்குக்கு வந்த எஞ்சின் நம்பருக்குப் பின்னாடி 'N'ங்கற இங்கிலீஷ் எழுத்து போட்டு அடையாளம் வச்சாங்க. டண்டாக் ஒர்க்ஷாப் இன்ஜினியரிங் கம்பெனியா மாறி கொஞ்ச காலம் ஹெயின்கெல் குட்டிக் கார் செஞ்சுது. ஹோத் டிராம் 1959 மே 31ல நின்னுச்சு, போர்ட்டடவுன் டெர்ரி லைன் 1965ல. டைரோன், ஃபெர்மனா, டொனிகல், மொனகன், கேவன், இந்த அஞ்சு கவுண்டியிலயும் இன்னைக்கு ஒரு ரயில் கிடையாது, மேப்பை விரிச்சுப் பாத்தா நெஞ்சு பதறுது.

பெல்ஃபாஸ்ட் பக்கத்துல இருக்குற கல்ட்ரா மியூசியம் பயணம் கோடைக்காலத்துல போனோம். ஃபின்டோனா குதிரை டிராம் அங்க தான் இருக்கு, ஜங்ஷன்ல இருந்து ஊருக்கு ஒரு மைல் கூட இல்லாத தூரம், 1957 வரைக்கும் குதிரை தான் இழுத்துச்சு, எந்தக் குதிரை வந்தாலும் பேர் டிக் தான். மூணாம் வகுப்பு டிக்கெட்காரங்க மொட்டைமாடியில, காசு அதிகம் கொடுத்தவங்க உள்ள. டயர் வச்ச ரயில்பஸ்ஸும் அங்க பாத்தோம், நம்ம மெக்கானிக் தம்பி அந்த சக்கரத்துப் பக்கத்துல குனிஞ்சவர் நிமிரவே இல்ல, கைடு கிட்ட அவர் கேட்ட கேள்வியெல்லாம் தனியா எழுதி வச்சிருக்கோம். டண்டாக் ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்லயும் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, கம்பெனி இன்ஜினியர் வில்லியம் மில்ஸ் காலத்து மஞ்சள் செங்கல், நடுநடுவுல சிவப்பு, கருப்பு வரிசை, அதை வச்சே எந்த ஸ்டேஷன் கிரேட் நார்தர்ன் கட்டினதுன்னு சொல்லிடலாம்.

அடுத்த வருஷத்துக்கு கமிட்டி ரெண்டு தீர்மானம் கொண்டு வருது. ஒண்ணு, டண்டாக், குளோன்ஸ் பக்கம் ரயில்வே குடும்பத்துப் பெரியவங்க பேச்சை ரெக்கார்ட் பண்றது, 1957ல வேலைக்குச் சேர்ந்த பையனுக்கே இப்ப 85 வயசு ஆகும், தள்ளிப் போட முடியாத வேலை இது. ரெக்கார்டரும் மைக்கும் வாங்க எவ்வளவு ஆகும்னு பொருளாளர் அக்கா கணக்குல வரும், தயவுசெஞ்சு தாராளமா ஒத்துக்கோங்க. ரெண்டாவது, 2024ல வந்த அனைத்து அயர்லாந்து ரயில் ஆய்வறிக்கை போர்ட்டடவுன் டெர்ரி லைனையும், முல்லிங்கர்ல இருந்து கேவன், மொனகன், ஆர்மா வழியா போர்ட்டடவுன் போற லைனையும் திரும்பப் போடலாம்னு சிபாரிசு பண்ணியிருக்கு, அதை சீக்கிரம் எடுக்கச் சொல்லி நம்ம தொகுதி டி.டி.க்கு, அதாவது பார்லிமெண்ட் உறுப்பினருக்கு, சங்கம் பேர்ல கடிதம் எழுதணும். நாம இங்க ஓட்டுப் போடுறவங்க, வரி கட்டுறவங்க, வடக்குல வேலை பாக்குற உறுப்பினர்களும் இருக்காங்க, கேக்க நமக்கு உரிமை இருக்கு.

கடித வரைவு பின்னாடி மேசையில இருக்கு, படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. ரெக்கார்டிங்குக்கு வர விருப்பம் இருக்குறவங்க, கார் வச்சிருக்குறவங்க முக்கியமா, என்கிட்ட பேர் கொடுங்க. சந்தா பாக்கி இருக்குறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி அக்காவைப் பாத்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்