பிளக்கைத் திருப்பிச் செருகினால் பாட்டு மாறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் பாட்டு சுத்தமாகக் கேட்கும் என்பது வசதியானவர்களின் கிறுக்கு என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தார்கள். மதுரையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்தே குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் கிறுக்கு பாதி, விஷயம் பாதி.

ஏசி கரண்ட் தானே முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது, பிளக்கைத் திருப்பினால் என்ன ஆகிவிடும் என்பது கட்டுரையாளரின் கேள்வி. ஆனால் இரண்டு ஒயரும் ஒன்றல்லவே. நியூட்ரல் பூமியோடு கட்டப்பட்டது, ஃபேஸில்தான் 230 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டும்போது பெரும்பாலும் பிரைமரியை, அதாவது வீட்டுக் கரண்ட் உள்ளே வரும் கம்பிச்சுருளை, சுற்றி முடித்து அதன்மேல் செகண்டரியை, அதாவது செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சுருளை, சுற்றுவார்கள். பிரைமரியின் கடைசிச் சுற்றுகள் செகண்டரியை ஒட்டியே இருக்கும். அந்த முனையில் ஃபேஸ் வந்தால் இன்சுலேஷனைத் தாண்டிக் கசிவது கூடும். நியூட்ரல் வந்தால் குறையும். எர்த் இல்லாத இரண்டு பின் செட்டில், உலோகப் பாடியைத் தொட்டால் சுரீரென்கிறதே, அந்தக் கசிவுதான் அது.

சிங்கப்பூரிலிருந்து யாரோ மாமா கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர்கள் என் கடைக்கு நிறைய வரும். இணைப்பு ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பாடிக்கும் எர்த்துக்கும் இடையே அளப்பேன். ஒரு பக்கம் செருகினால் 80 வோல்ட்டைத் தாண்டும். திருப்பினால் 30க்குக் கீழே இறங்கும். குறைவாகக் காட்டும் பக்கமே சரியான பக்கம். பழக்கமில்லாதவர் இதைச் செய்ய வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ரெக்கார்டு பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒயரால் இணைத்ததும் இந்தக் கசிவு அந்த ஒயரின் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிவலை வழியே ஓடி, சிக்னலோடு சேர்ந்துகொள்கிறது. ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் சிக்னலே சில மில்லிவோல்ட்தான். பாட்டுக்கு அடியில் ஒரு உறுமல் கேட்பது அதனால்தான். பிளக்கைத் திருப்பினால் அது குறையலாம். பாடுபவர் குரலே இனித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஃபேன் ஓடுகிற அறையில் இந்த வித்தியாசமும் காதுக்கு எட்டாது. இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தடித்தடியாகப் பவர் கேபிள் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மூன்று பின் செட்டுக்கு இந்தக் கதை பொருந்தாது. பாடி எர்த்தில் கட்டியிருக்கும், பிளக்கையும் திருப்ப முடியாது. ஆனால் உறுமல் நிற்க வேண்டுமென்று எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்களே, அதைவிட ஆபத்து வேறில்லை. உள்ளே ஒயர் விட்டுப்போய் பாடியில் பட்டால் தொடுகிறவர்தான் எர்த்.

நம் ஊர் பிளக் பாயின்ட்டில் எர்த் துளை மேலே இருக்க, நேராகப் பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ் வர வேண்டும். பல வீடுகளில் மாறியே கிடக்கிறது. மாறினால் செட்டின் ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். வயரிங் முடித்துப் பணம் வாங்க வருகிறவரிடம், ஒவ்வொரு பாயின்ட்டிலும் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லும்படி வாசகர்களுக்கு எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
செல்லூர், மதுரை.