ட்ரெய்னிங் சிநேகிதம் உதறிட்டுப் போற விஷயமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலர்ல மிஷனரி ஊழியத்தைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். மத்ததெல்லாம் சரி, ஆனா நடுவுல ஒரு வரி, "பயிற்சிக் காலத்து நட்புகள் பஸ் பயண நட்பு போன்றவை, ஊழியத்துக்குப் போகிறவர் அவற்றை உதறப் பழக வேண்டும்"னு போட்டிருந்தீங்களே, அதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறவே இல்ல. எழுதினவர் மிஷனரி பயிற்சி விடுதியில ஒரு ராத்திரியாவது தங்கியிருப்பாரான்னு கேக்கத் தோணுது.

நான் பினாங்குக்காரி, மெதடிஸ்ட் சபை. வாலிப வயசுல மிஷனரி ட்ரெய்னிங்குக்குப் போனப்ப என் ரூம்ல சித்தியவான்லேர்ந்து வந்த ஒரு அக்கா, சரவாக்குல சிபுலேர்ந்து வந்த ஒரு ஈபான் பழங்குடிப் பொண்ணு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்க இங்கிலீஷ் தோட்டத்து ஸ்கூல் இங்கிலீஷ், அதனால பேச்சு சண்டை எல்லாமே மலாய்லதான். அக்கா விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்து வாய்விட்டு ஜெபம் பண்ணுவாங்க, சிபு பொண்ணு தலகாணிய காதுல அமுக்கிக்கிட்டு படுத்திருப்பா, காலையில ரெண்டு பேரும் மூஞ்சிய திருப்பிக்கிட்டு கஞ்சி குடிப்பாங்க, நான் நடுவுல. அப்புறம் திருவிருந்து ஞாயிறு வந்துட்டா சண்டையோட போய் முழங்கால் போட முடியாதே, சனிக்கிழமை ராத்திரியே உக்காந்து பேசித் தீர்த்துடுவோம். பிரசங்கம் பண்ண கிளாஸ்ல கத்துக்கிட்டேன், மன்னிப்பு கேக்க அந்த ரூம்லதான் கத்துக்கிட்டேன்.

தாப்பா பக்கம் ஓராங் அஸ்லி பூர்வகுடிங்க இருக்கற கம்பத்துக்கு, அதான் கிராமத்துக்கு, எங்களை அனுப்பினப்ப மழையில நடந்து கால் பூரா அட்டை. அக்கா உப்பைத் துணியில முடிஞ்சு, தண்ணியில நனைச்சு, குனிஞ்சு என் கால்ல ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. அவங்க கால்லயும் ரத்தம் வழிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, என் காலை முடிச்சிட்டுத்தான் தன் காலைப் பாத்தாங்க. இதை உதறணுமா சார்?

உங்களுக்குத் தெரியாததில்ல, பினாங்கு ரோட்டுல புனித சவேரியார் கோயில் இருக்கே, அந்த சவேரியார் பாரிஸ்ல படிச்சப்ப, பின்னாடி இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியாரும் பீட்டர் ஃபேபரும் அவரோட அறைத்தோழர்கள்தானே. 1534-ல ஏழு பேரா சேர்ந்து கடவுளுக்கு வாக்கு கொடுத்தாங்க. 1545-ல மலாக்காவுக்கு வந்து, அதையும் தாண்டி இந்தோனேசியாவுல இருக்கற அம்போன் தீவு வரைக்கும் போனவரு, தோழர்கள் எழுதின கடிதத்துலேர்ந்து அவங்க கையெழுத்தை வெட்டி எடுத்து கழுத்துல போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் கத்தோலிக்கச்சி இல்ல, ஆனா இதைப் படிச்சப்ப அழுதிருக்கேன். தரங்கம்பாடிக்கு 1706-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தனியாவா வந்தாரு, கூட புளூச்சோ வந்தாரே. நம்ம திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரர், பின்னாடி பிஷப் ஆன அசரியா 1910-ல எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுல எழுந்து நின்னு, எங்களுக்கு நண்பர்களைத் தாங்கன்னு கேட்டாரு. அவர் கேட்டது வெள்ளைக்கார மிஷனரிங்க நம்மாளுங்களை சரிசமமா சிநேகிக்கலைங்கிற வேதனையில, தெரியும். ஆனா கூட தங்கிப் படிக்கிறவளையே சிநேகிக்கத் தெரியாதவ, போற ஊர்ல யாரை சிநேகிக்கப் போறா? ஆண்டவரே சீஷர்களை ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பினாரு.

இந்த உதறுற பேச்சை நான் முதல் தடவையா கேக்கல. எங்களை ஃபீல்டுக்கு அனுப்பின கமிட்டியிலயும் இதையேதான் சொன்னாங்க, பழைய கூட்டாளிங்களுக்கு அடிக்கடி லெட்டர் போடாதீங்க, மனசு சிதறும்னு. மூணு பேரையும் மூணு திசைக்கு அனுப்பினாங்க. சரின்னு போனோம். ஆனா சித்தியவான் அக்கா கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் போய்ப் பாக்க லீவு கேட்டதுக்கு, சொந்தக்காரங்களான்னு கேட்டாங்க பாருங்க, அதை இன்னும் என்னால மறக்க முடியல. நான் போறதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிடுச்சு.

நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? அந்த அக்கா இறந்த செய்திய உங்க பேப்பர்ல ரெண்டு வரி போட்டீங்க, அதுலயும் "முன்னாள் ஆசிரியை"ன்னு. ஆயுசு பூரா கம்பத்துல ஊழியம் செஞ்சவங்க சார் அவங்க. அதே பக்கத்துல ஒரு போதகரோட பிறந்தநாளுக்குக் கலர் போட்டோவோட அரைப்பக்கம். அப்பவே திருத்தம் கேட்டு எழுதினேன், பதில் இல்ல. அதுக்கு முந்தி நான் எழுதின ஒரு கடிதத்துல மனக்குறைய எல்லாம் வெட்டிட்டு நன்றி சொன்ன பகுதிய மட்டும் போட்டீங்க. நாங்க பத்து வெள்ளி இருபது வெள்ளி காணிக்கையில ஓடின ஜனங்க, விளம்பரம் கொடுக்க வழியில்ல, அதனால எங்க செய்தி செய்தியா இல்லாம போயிடுச்சோ என்னவோ. உங்க பேப்பர் எங்க வீட்டுல அப்பா காலத்துலேர்ந்து வாங்குறோம், அந்த உரிமையிலதான் இவ்வளவும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. இந்தக் கடிதத்தை வெட்டாம போடுங்க. எங்க பேட்ச்சுல பல பேரோட முகவரி எனக்கு விட்டுப்போச்சு, சிபு பொண்ணு தமிழ் பேப்பர் படிக்க மாட்டா, ஆனா சித்தியவான், தெலுக் இந்தான், கிள்ளான் பக்கத்துக்காரங்க கண்டிப்பா படிப்பாங்க. அவங்க யாராவது உங்க ஆபீசுக்கு எழுதினா தூக்கிப் போடாம எடுத்து வைங்க, கோலாலம்பூர் வரும்போது நானே வந்து வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு