மூன்று நாள் வரம்பு வீட்டுப் பொட்டலத்துக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளின் கேஷுவால்ட்டியில் (அவசரப் பிரிவில்) எழுதித் தரும் வலி மாத்திரைக்கு அரசாங்கம் நாள் கணக்கு வைக்க வேண்டும் என்று உங்கள் பக்கங்களில் வந்த கருத்தைப் படித்தோம். அதில் நியூயார்க்கை உதாரணம் காட்டியிருந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்பது பாதிதான் வந்திருந்தது.

2013 ஜனவரியில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அறிவித்த விதிகள் அந்த மாநகரத்தின் 11 பொது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கானவை. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) மாத்திரை மூன்று நாளைக்கு மேல் எழுதக் கூடாது. நெடுநேரம் வேலை செய்யும் ஆக்சிகோடோன், ஃபென்டனில் ஒட்டு, மெத்தடோன் ஆகியவற்றை அவசரப் பிரிவிலிருந்து எழுதக் கூடாது. சீட்டு தொலைந்தது, மாத்திரை திருட்டுப் போனது என்று வருபவருக்கு மறுபடி எழுதக் கூடாது. மூன்றுமே வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தைப் பற்றியவை. எலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவருக்குப் போடும் ஊசியை அவை தொடவில்லை. நம்மூர்ப் பேச்சில் இந்த வேறுபாடுதான் காணாமல் போகிறது.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைகள் ஷுகர்ஸுக்கு அடிமையானதைப் பார்த்தவர்களுக்கு வரும் பயம் நியாயமானது. ஆனால் ஷுகர்ஸ் தெருவில் விற்கும் ஹெராயின் கலவை. கேஷுவால்ட்டி சீட்டை இறுக்கினால் அது குறையாது.

சட்டமும் இங்கே இல்லாமல் இல்லை. 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டப்படி மார்ஃபின் ஷெட்யூல் 6 (ஷெட்யூல் எண் ஏற ஏறக் கட்டுப்பாடும் கூடும்). ஒரு சீட்டுக்கு 30 நாள் மருந்துதான், ரிப்பீட் கிடையாது. டிராமடால் என்ற ஓபியாய்டு ஷெட்யூல் 5, அதற்கும் சீட்டு வேண்டும். அவசரப் பிரிவுக்கு 30 நாள் மிக அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதைக் குறைப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

எங்கள் கவலை கட்டிலைப் பற்றியது. "வரம்பு வந்துவிட்டது" என்ற சொல் ஒன்றே போதும், உள்ளே வேலை செய்பவர்களும் கையைக் கட்டிக்கொள்வார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று நிறம் போட்டுப் பிரிக்க நாம் பின்பற்றும் டிரையாஜ் முறையில் கடும் வலி ஆரஞ்சு நிறம், 10 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். நடுத்தர வலி மஞ்சள், ஒரு மணி நேரம். கடும் வலிக்கு 10 மி.கி. மார்ஃபின் ஆம்பூலை உப்புநீரில் கலந்து 10 மி.லி. ஆக்கி, முதலில் 3 முதல் 5 மி.கி. மெதுவாக நரம்பில் போட்டு, பிறகு ஒன்று இரண்டாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. என்று ஆகிவிடுவதால் கணக்குத் தப்பாது. மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் இருக்க வேண்டும். நலாக்சோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும். கண் விழித்தாரே என்று உடனே வீட்டுக்கு அனுப்பினால் வழியில் மறுபடி மயங்குவார். கடும் வலிக்காரருக்கு இதெல்லாம் செய்யாமல் இரண்டு பனாடோ (பாரசிட்டமால் மாத்திரை) கொடுத்து உட்கார வைப்பது கட்டுப்பாடு ஆகாது.

இனி வீட்டுப் பொட்டலம். சுளுக்கு, பல்வலி, முதுகுப் பிடிப்பு ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓபியாய்டே வேண்டாம். பல்வலிக்குப் பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் சேர்ந்து கொடீன் என்ற மெல்லிய ஓபியாய்டு மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். எடை போதுமான, கல்லீரல் நலமான பெரியவருக்குப் பாரசிட்டமால் ஆறு மணிக்கு ஒருமுறை ஒரு கிராம் என்றால் மூன்று நாளைக்கு 500 மி.கி. மாத்திரை 24. இபுப்ரோஃபென் 400 மி.கி. எட்டு மணிக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு, ஒன்பது வேளை. டிராமடால் தேவைப்பட்டால் 50 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை, 12 கேப்சூல், அதற்கு மேல் வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவருக்கும் வலிப்பு உள்ளவருக்கும் அது ஆகாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மருந்து தோற்பது எங்கே தெரியுமா? உறையில் "வலித்தால் சாப்பிடவும்" என்று எழுதுவதில். முதல் இரண்டு நாள் வலி ஏறும்வரை காத்திருந்து சாப்பிட்டால், மாத்திரை வேலை செய்வதற்குள் வலி முந்திக்கொள்ளும். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று மணி போட்டு எழுத வேண்டும். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் சிஸ்டர் ஒருமுறை வாயாலும் சொல்லட்டும்.

இபுப்ரோஃபெனில் இன்னொரு பொறி. நம் வீடுகளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத முதியவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எனலாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். அவருக்கு இபுப்ரோஃபெனை விட்டுவிட்டு டிராமடாலைக் குறைந்த அளவில் கொடுப்பதே பாதுகாப்பு. எல்லோருக்கும் ஒரே வரம்பு போடுகிறவர்கள் மறப்பது இவரைத்தான்.

நான்காம் நாள் காலை மாத்திரை தீர்ந்து, வலி தீராவிட்டால்? கெமிஸ்ட் கவுண்டரில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஷெட்யூல் 2 கொடீன் மாத்திரையை வாங்குவார். அதற்கும் நாளைக்கு 80 மி.கி. கொடீன், ஐந்து நாள் பாக்கெட் என்று வரம்பு உண்டு. கடை மாற்றி வாங்குபவரைப் பிடிப்பதுதான் கடினம். கொடீனைவிட நாங்கள் அஞ்சுவது அதோடு கலந்த பாரசிட்டமாலுக்கு. ஒரு மாத்திரையில் 500 மி.கி. என்று வைத்தால், நாளுக்கு ஆறு மாத்திரை 3 கிராம். வீட்டில் இருக்கும் பனாடோ எட்டையும் சேர்த்தால் 7 கிராம். பெரியவர் ஒருவருக்கு உச்ச வரம்பு 4. கல்லீரல் கெடுவது முதல் நாள் வெளியே தெரியாது, அதற்கு மாற்று மருந்தான அசெட்டைல்சிஸ்டீன் நன்றாக வேலை செய்வதோ முதல் எட்டு மணி நேரத்துக்குள்.

ஆகவே வரம்போடு கூடவே இரண்டு சேர வேண்டும். மூன்றாம் நாளுக்குள் கிளினிக்கில் பார்ப்பதற்கான தேதி சீட்டிலேயே இருக்க வேண்டும். புற்றுநோய், தீக்காயம், பெரிய எலும்பு முறிவு, சிக்கிள் செல் (பரம்பரை இரத்த நோய்) நோயாளிகளுக்கு விலக்கு விதியிலேயே எழுதப்பட வேண்டும், டாக்டரின் துணிச்சலுக்கு விடக் கூடாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016இல் "மூன்று நாள் பெரும்பாலும் போதும், ஏழுக்கு மேல் அரிது" என்று ஆலோசனைதான் சொன்னது. பலர் அதைக் கல்வெட்டாக்கி, நெடுநாள் நோயாளிகளின் மருந்தைத் திடீரென்று வெட்டினார்கள். 2022இல் அதைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. நாம் அந்த ஆறு வருடத்தையும் இங்கே மறுபடி நடத்திப் பார்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மருந்தாளர்கள் இருவர்,
டர்பன்